உடன்பிறவா ஊர்கள்



மனிதனுக்கு மனிதன் நண்பனாதல் உலக வழக்கு. ஊருக்கு ஊர் நட்புக் கொள்ளுதல் இயலுமா? ஊருக்குக் கையில்லை, குலுக்குவதற்கு. வாயில்லை, நலம் விசாரிப்பதற்கு. ஆயினும் இன்று உலகமெங்கும் ஆயிரக்கணக்கான நகரங்கள், கடல் கடந்த மற்றோர் நகரத்தைத் தம் உடன்பிறப்பாக ஏற்றுக்கொண்டுள்ளன. ‘சகோதர நகரங்கள்’ என்று அவற்றை அழைக்கிறோம். இந்த உறவு எப்படிப் பிறந்தது, எதனால் நிலைக்கிறது, பதுளையிலும் ஊவாத் தோட்டங்களிலும் வாழும் நமக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் யாது என்பவற்றை இன்று உங்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

முகமறியா நட்பு தமிழனுக்குப் புதிதன்று. உறையூரிலிருந்து ஆண்டவன் கோப்பெருஞ்சோழன். பாண்டி நாட்டுப் பிசிர் என்னும் சிற்றூரில் வாழ்ந்தவர் ஆந்தையார். இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. அரசன் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தபோது, தன் நண்பருக்கும் ஓர் இடம் ஒதுக்கி வைக்கச் சொன்னான். அருகிலிருந்தோர் ஐயுற்றனர். பிசிராந்தையாரோ சொல்லியனுப்பாமலே வந்து சேர்ந்தார் என்று புறநானூறு நமக்குக் காட்டுகிறது. காணாமலே அன்பு வளரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இவ்விருவருக்குமிடையே பகை ஏதும் இருந்ததில்லை. நான் முதலிற் சொல்லப்போகும் இரு நகரங்களுக்கிடையே இருந்தது பெரும்பகை.

1941ஆம் ஆண்டு டிசெம்பர் 7ஆம் திகதி யப்பானிய விமானங்கள் அமெரிக்காவின் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கின. 1945 ஓகஸ்ட் 9ஆம் திகதி அமெரிக்க விமானம் ஒன்று நாகசாகி நகரின்மீது அணுகுண்டை வீசியது. அவ்வாண்டு முடிவதற்குள் அந்நகரில் மடிந்தோர் ஏறத்தாழ 70,000 பேர். இவற்றுக்குப் பின்னர் அமெரிக்கருக்கும் யப்பானியருக்குமிடையே நட்பு என்ற சொல்லுக்கே இடமில்லை என்று எவரும் எண்ணியிருப்பர். ஆனால், குண்டு விழுந்து பத்தே ஆண்டுகளில், 1955 டிசெம்பர் 7ஆம் திகதி, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத் தலைநகரான செயின்ட் போல் நகரம் நாகசாகியைத் தன் சகோதர நகரமாக ஏற்றது. அந்தத் திகதியைக் கவனியுங்கள். பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்ட அதே நாள். பகையின் நினைவு நாளையே உறவின் பிறந்த நாளாக மாற்றிவிட்டார்கள். அமெரிக்க நகரம் ஒன்றுக்கும் யப்பானிய நகரம் ஒன்றுக்கும் இடையே ஏற்பட்ட முதலாவது சகோதர உறவு அதுவேயாகும். அதற்கடுத்த ஆண்டில், 1956இல், அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர், அரசாங்கங்களோடு நின்றுவிடாமல் மக்களும் மக்களும் பழக வேண்டும் என்னும் இயக்கத்தைத் தொடக்கினார். இன்று இவ்விரு நாடுகளுக்குமிடையே இத்தகைய இணைப்புகள் 400க்கும் மேல் உள்ளன.

இவ்வுறவு கையெழுத்தோடு நின்றதா என்றால், இல்லை. செயின்ட் போல் நகரின் கோமோ பூங்காவில் 1979இல் ஒரு யப்பானியத் தோட்டம் எழுந்தது. அதனை வடிவமைத்தவர் நாகசாகியைச் சேர்ந்த தோட்டக்கலைஞர் மசாமி மட்சுடா என்பவர். நாகசாகியின் சமாதானப் பூங்காவிலோ, செயின்ட் போல் மக்கள் 1992இல் அளித்த சிற்பம் ஒன்று நிற்கிறது. ஒன்றையொன்று பற்றிப் பூமியைச் சூழ்ந்து நிற்கும் மனித உருவங்கள் அவை. பனி உறையும் ஊரில் யப்பானியத் தோட்டம். அணுகுண்டு விழுந்த ஊரில் அமெரிக்கச் சிற்பம். கொடுப்பதும் கொள்வதுமாக நடந்ததால் அந்த நட்பு எழுபது ஆண்டுகளைக் கண்டுவிட்டது.

இதனினும் என் உள்ளத்தைத் தொட்ட வரலாறு ஒன்று உண்டு. ஒரு தனி மனிதனுக்கும் ஒரு சிற்றூருக்கும் இடையே நிகழ்ந்தது அது. நொபுவோ புஜித்தா என்பவர் யப்பானியக் கடற்படை விமானி. 1942 செப்டெம்பர் 9ஆம் திகதி, நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து புறப்பட்ட சிறு விமானத்தில் பறந்து, அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் புரூக்கிங்ஸ் என்னும் ஊருக்கு அண்மையிலுள்ள காட்டின்மீது தீக்குண்டுகளை வீசினார். காட்டுத் தீயை மூட்டி நாட்டைக் கலக்குவதே நோக்கம். மழையில் நனைந்திருந்த காடு பற்றிக்கொள்ளவில்லை.

இருபது ஆண்டுகள் கழிந்தன. 1962இல் அந்தப் புரூக்கிங்ஸ் ஊரார் தங்கள் மலர் விழாவுக்கு அவரையே விருந்தினராக அழைத்தார்கள். ஊரில் எதிர்ப்பும் இல்லாமலில்லை. தம் குலத்தில் 400 ஆண்டுகளாகப் பேணிவந்த வாளை அவர் கையோடு கொண்டுசென்றார். தம்மை இகழ்ந்தால் அதே வாளால் உயிர்துறப்பது என்று அவர் உறுதி பூண்டிருந்ததாகப் பின்னாளில் அவருடைய குடும்பத்தார் கூறினர். இகழ்ச்சி நேரவில்லை, வரவேற்பே கிடைத்தது. வாளை ஊருக்குக் கொடையாக அளித்தார். பின்னர் அது அவ்வூர் நூலகத்தில் வைக்கப்பட்டது. 1985இல் அவ்வூர் மாணவியர் மூவரை யப்பானுக்கு அழைத்து விருந்தோம்பினார். குண்டு விழுந்த இடத்திலே 1992இல் மரக்கன்று ஒன்றை நட்டார். 1997இல் அவர் மறைந்த பின், அவருடைய அஸ்தியின் ஒரு பகுதி அந்தக் காட்டிலேயே அடக்கம் செய்யப்பட்டது. தீ மூட்ட வந்தவர் மரம் நட்டவராக அந்த மண்ணோடு கலந்தார்.

நேயர்களே, யப்பானியக் குண்டுகளை நம் நாடும் அறியும். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பும், நான்கு நாட்களின் பின் திருகோணமலையும் தாக்கப்பட்டன. அவ்வாறிருந்தும், 1951 செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய சமாதான மாநாட்டில், அப்போது நம் நாட்டின் நிதியமைச்சராயிருந்த ஜே. ஆர். ஜயவர்த்தன, இலங்கை இழப்பீடு கோராது என அறிவித்தார். பகையைப் பகையால் தணிக்க இயலாது என்னும் புத்தர் பெருமானின் போதனையை அவர் அங்கே நினைவூட்டினார். யப்பானியர் அதனை மறக்கவில்லை. காமகுரா நகரில், பெரும் புத்தர் சிலை இருக்கும் ஆலய வளவில், அவருடைய உரையை நினைவுகூரும் கல் ஒன்று நாட்டப்பட்டுள்ளது.

இந்த உறவுகளிலே தமிழருக்கும் ஒரு பங்கு வாய்த்திருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத் தலைநகரான டென்வர், 1960இல் யப்பானின் தக்கயாமாவைச் சகோதர நகரமாக ஏற்றது. மலைநாட்டு நகரத்துக்கு மலைநாட்டு நகரம் துணை. அதே டென்வர் 1984இல் சென்னையையும் ஏற்றது. அவ்வகையில் யப்பானிய மலையூர் ஒன்றும் தமிழ்க் கடற்கரையூர் ஒன்றும் ஒரே வீட்டுக்கு உறவாகிவிட்டன.

இனி நம் ஊருக்கு வருவோம்.

ஊவா என்னும் சொல்லை யப்பானில் தேநீர்ப் பிரியர் பலர் அறிவர். டார்ஜிலிங், சீனத்துக் கீமுன், நம் ஊவா ஆகிய மூன்றையுமே உலகத்தின் மூன்று பெருந் தேயிலைகள் என்று அங்கே சொல்வது வழக்கம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலையைத் தாண்டி வரும் வறண்ட கச்சான் காற்று நம் பக்கச் சரிவுகளில் வீசும்போது, கொழுந்தின் வளர்ச்சி குறைகிறது, மணம் மிகுகிறது. அந்தப் பருவத்துத் தேயிலைக்குத்தான் அவ்வளவு மதிப்பு. ஆனால், டப்பாவின் மேலே ஊர்ப்பெயர் இருக்கிறது. கொழுந்து பறித்தவளின் பெயர் இல்லை. அப்புத்தளையிலும் பசறையிலும் விடியற்காலை பிரட்டுக்குச் சென்று, காற்றிலும் வெயிலிலும் கூடை சுமக்கும் தாயை, அந்தத் தேநீரைப் பருகும் நாகசாகி அம்மையார் எவ்வாறு அறிவார்? பண்டம் மட்டும் பயணம் செய்தால் வாணிபம். மனிதரும் ஒருவரையொருவர் அறிந்தால்தான் உறவு.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நாளை நம் நகரம் ஒன்று அயல்நாட்டு நகரம் ஒன்றோடு உறவு கொள்வதாக வைத்துக்கொள்வோம். அந்த உறவில் தோட்டத்து மக்களுக்கு இடமுண்டா? நகர எல்லை நகரத்தோடு முடிகிறது. அதற்கப்பால் பிரதேச சபை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின்படி, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடுவதற்கே தடையிருந்தது. தோட்டத்தார் வாக்களித்துத் தெரிந்த சபை, அவர்கள் லயத்து வாசலுக்கு ஒரு பாதை போட இயலாத நிலை. 2018இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகளாகத் தன் ஊரிலேயே ஊராராக எண்ணப்படாதவரை, உலகத்துக்கு அறிமுகம் செய்வது எங்ஙனம்? அயலூரை உடன்பிறப்பாக ஏற்குமுன், அடுத்த மலையை ஏற்க வேண்டும். இதனை நான் குறையாகச் சொல்லவில்லை, கடமையாகச் சொல்லுகிறேன்.

ஏற்றுவிட்டால் பயன் உண்டு. 1982 ஜூலையில் நாகசாகியில் பெருமழை பெய்து மலைச்சரிவுகள் இடிந்து வீழ்ந்தபோது, ஏறத்தாழ 300 பேர் உயிரிழந்தனர். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்த துயரத்தை நாம் அறிவோம். 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் பதுளை மாவட்டத்தின் மலைகளை உலுக்கிய காட்சி இன்னும் கண்முன் நிற்கிறது. யப்பானிய நிபுணர் நம் நாட்டுப் பொறியியலாளரோடு சேர்ந்து மண்சரிவுத் தடுப்பிலே பணிபுரிந்ததும் உண்டு. நிபுணர் அறிவதோடு நிற்கலாகாது. மலைச்சரிவில் வாழும் யப்பானிய மாணவன் மழைமானியை எப்படிப் பார்க்கிறான், சைகை கேட்டதும் எந்தப் பாதையால் வெளியேறுகிறான் என்பதை நம் தோட்டப் பாடசாலை மாணவன் அறிந்தால், அந்த நட்பு உயிர் காக்கும் நட்பாகும்.

நேயர்களே, ஊவா மக்களாகிய நமக்கு ஒரு சகோதர ஊர் இல்லை என்று நினைக்க வேண்டாம். ஏற்கெனவே ஒன்று உண்டு. பத்திரம் எழுதப்படாத உறவு அது.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டனர். குடியுரிமையற்றிருந்த 9,75,000 மலையக மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிக்கை பிரித்தார்கள். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்தார்கள். கணக்கு நேராயிற்று; குடும்பங்கள் நேராகவில்லை. அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று வந்த வீடுகள் எத்தனை! பதுளையிலும் பண்டாரவளையிலும் ஏறி, பொல்காவலையில் மாறி, தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேசுவரம் சேர்ந்தார்கள். அவர்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்துக்கு நம் மக்கள் இட்ட பெயர் ‘அழுகைக் கோச்சி’. அவ்வாறு சென்றவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே தமிழ்நாட்டு அரசு 1968 முதல் நீலகிரியில் தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் இன்றும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழ்கின்றனர். அதே மலை, அதே கொழுந்து, அதே கூடை. இரண்டு அரசுகள் பிரித்துவைக்க ஒப்பமிட்ட ஊர்களே நமது உடன்பிறந்த ஊர்கள்.

இதனைச் சொல்லும்போது என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். 1978இல் நான் எட்டு வயதுச் சிறுவன். என்னோடு ஒரே பலகையில் அமர்ந்து படித்த தோழன், ஒருநாள் தாய் தந்தையரோடு கோச்சி ஏறினான். பதுளை நிலையத்தில் நானும் நின்றேன். பெரியவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். எங்களுக்கு அழத் தெரியவில்லை. தன்னிடமிருந்த பாதி இரப்பர்த் துண்டை என் கையில் வைத்துவிட்டுப் போனான். சில மாதங்களில் நீலகிரியிலிருந்து கடிதம் வந்தது. ‘இங்கும் குளிர்தான். மாஸ்டர் நல்லவர். நீ எப்போது வருவாய்?’ என்று எழுதியிருந்தான். நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம் என்று நாள் கடத்தினேன். முத்திரைக்குக் காசு கேட்க அச்சம். என்ன எழுதுவதென்ற கூச்சம். ஓராண்டு கழித்து எழுதியபோது, அக்கடிதம் பல முத்திரைகளைச் சுமந்துகொண்டு திரும்பி வந்தது. முகவரியில் எவரும் இல்லை. 1984இல் போர்ச் சூழலிலே கப்பலும் நின்றுவிட்டது. அவனைப் பிறகு நான் கண்டதில்லை.

உடன்படிக்கை எழுதிய பெரியோர் எங்களைப் பிரித்தார்கள் என்று பல காலம் சொல்லிவந்தேன். அது பாதி உண்மை. மறுபாதி, பதில் எழுதாத என் சோம்பல். நகரங்களின் உறவும் இத்தகையதே. உலகில் எத்தனையோ சகோதர நகரங்கள், முதல் நாள் விருந்தோடும் சட்டம் போட்ட படத்தோடும் உறங்கிவிட்டன. மேயர் சென்று மேயரைக் கண்டு மாலை சூடித் திரும்பினால் அது சுற்றுலா. பிள்ளை எழுதிய கடிதத்துக்குப் பிள்ளை பதில் எழுதினால் அது உறவு.

ஆகவே என் பாடசாலையில் இரண்டு ஆண்டுகளாக ஒரு சிறு முயற்சி செய்து வருகிறோம். நீலகிரியில் தாயகம் திரும்பியோர் வாழும் பகுதியிலுள்ள பாடசாலை ஒன்றோடு எங்கள் ஏழாம் வகுப்பு மாணவர் கடிதம் பரிமாறுகிறார்கள். விதிகள் மூன்றே. கடிதம் கையால் எழுதப்பட வேண்டும். வந்த கடிதத்துக்கு ஒரு மாதத்துள் பதில் போக வேண்டும். அறியாததை அறிந்ததுபோல் எழுதலாகாது.

ஒரு கடிதம் வந்தது. அங்குள்ள மாணவி ஒருத்தி எழுதியிருந்தாள். அவளுடைய அப்பாயி பசறைப் பக்கத்துத் தோட்டத்திலே பிறந்தவராம். நமுனுகுல மலையை இன்னும் சொல்லிக்கொண்டிருப்பாராம். லயத்துக்குக் கீழே பீலிக்கரையோரம் அவர் நட்ட பலாமரம் இருக்கிறதா என்று பார்த்து எழுதும்படி கேட்டிருந்தாள். எங்கள் மாணவர் நால்வர் ஓர் ஆசிரியரோடு அந்தத் தோட்டத்துக்குச் சென்றார்கள். முதியவர்களை விசாரித்தார்கள். மரம் இல்லை. எப்போதோ வெட்டிவிட்டார்கள். திரும்பி வந்த பிள்ளைகளுக்கு ஒரே தயக்கம். ‘மரம் இருக்கிறது என்றே எழுதிவிடலாமா சேர்?’ என்று கேட்டான் ஒருவன். அந்தப் பாட்டிக்கு மகிழ்ச்சியாக இருக்குமே என்பது அவன் நியாயம். மூன்றாம் விதியை நினைவூட்டினேன். மரம் இல்லை, பீலி இருக்கிறது, தண்ணீர் வருகிறது என்று உள்ளபடி எழுதினார்கள். பதில் வந்தது. அப்பாயி சொன்னதை மாணவி அப்படியே எழுதியிருந்தாள்: பீலி இருந்தால் போதும், அந்தப் பக்கம் போனால் எனக்காக ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள்.

மறுவாரமே அந்த நால்வரும் மீண்டும் சென்று குடித்துவிட்டு வந்தார்கள். என் அனுமதியை அவர்கள் கேட்கவில்லை. நானும் கண்டிக்கவில்லை.

வள்ளுவர் நட்பைப் பற்றி அதிகாரம் அதிகாரமாகப் பாடியுள்ளார். அவற்றுள் ‘நட்பாராய்தல்’ என்று ஒன்று, ‘பழைமை’ என்று ஒன்று. புதிய நட்பை ஆராய்ந்து கொள்க, பழைய நட்பைப் போற்றிக் காக்க என்பது அந்த வைப்பு முறையிலிருந்து நான் கொள்ளும் பொருள். யப்பானிய நகரம் ஒன்றோடு நமக்கு உறவு வரட்டும்; வரவேற்போம். அதற்குமுன் பழைய உறவைப் புதுப்பிப்போம். பழைய உறவைக் காக்கத் தெரிந்தவனே புதிய உறவுக்குத் தகுதியானவன்.

இதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. மலைநாட்டு ஆசிரியப் பெருமக்களே, ஒரு வகுப்பைத் தெரிந்தெடுங்கள். ஒரு பாடசாலையோடு தொடர்பு கொள்ளுங்கள். மாநகர சபை, பிரதேச சபை உறுப்பினர்களே, உடன்படிக்கை எழுதும் நாள் வந்தால், தோட்டத்துப் பிள்ளையின் பெயரும் அதில் இருக்கட்டும். பெற்றோர்களே, பெட்டியின் அடியிலே பழைய கடிதம் ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள். முகவரி தெரிந்தால் இன்றே எழுதுங்கள்.

இலங்கை வானொலியின் தமிழ் ஒலி பாக்கு நீரிணையைக் கடந்து தமிழ்நாட்டு வீடுகளிலும் ஒலித்த காலம் ஒன்று உண்டு. கப்பலில் போனவர்களுக்கு அந்தக் குரல் விட்டுவந்த மலையின் குரலாக இருந்திருக்கும். இந்தச் சொற்கள் நீலகிரியில் எங்கோ, இன்று ஐம்பது வயதைக் கடந்த ஒருவரின் காதில் விழுமோ என்று அறியேன். விழுமானால் அவருக்கு ஒரு வார்த்தை: நண்பனே, இங்கும் குளிர்தான். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, பொறுத்துக்கொள்.

வணக்கம்.